யாரிடமிருந்து காப்பாற்றுவது?

நல்லது செய்வதென்று தீர்மானித்துவிட்ட மனிதனிடம் எனக்குக் கொஞ்சம் பயம் உண்டு. கெட்டது செய்கிறவனுக்கு உள்ளூர ஒரு கூச்சம் இருக்கும். யாராவது பார்த்துவிடுவார்களோ என்று சுற்றுமுற்றும் பார்ப்பான். ராத்திரியில் தூக்கம் வராமல் புரளுவான். என்றைக்காவது ஒருநாள் திருந்தினாலும் திருந்துவான். நல்லது செய்கிறவனுக்கு இந்தத் தொல்லையெல்லாம் கிடையாது. தூக்கம் நன்றாக வரும். அவன் கையில் சர்க்கார் முத்திரையும் இருந்துவிட்டால், செய்வது சரிதானா என்று அவனைக் கேட்பதற்கு ஊரில் ஆள் இருக்காது.

நல்ல காரியங்களில் தலையாயது குழந்தையைக் காப்பாற்றுவது. அதை மறுத்துப் பேச யாருக்கும் நா எழாது. அதனாலேயே அதைப் பற்றிச் சற்று நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. பெற்றவர்கள் சரியாக வளர்க்கவில்லை என்று முடிவு கட்டி, ஒரு குழந்தையை அவர்களிடமிருந்து பிரித்து வேறிடத்தில் வைக்கிற அதிகாரத்தைச் சமூகம் சிலரிடம் ஒப்படைத்திருக்கிறது. அந்த அதிகாரம் வேண்டியதுதான். தினமும் அடிபட்டுச் சாகிற குழந்தைக்கு அதை விட்டால் வேறு கதி இல்லை. ஆனால் அதைக் கையில் வைத்திருப்பவர் என்ன படித்திருக்க வேண்டும்? யாரிடம் படித்திருக்க வேண்டும்? தாம் பிறந்து வளர்ந்த வீட்டைப் போல இல்லாத ஒரு வீட்டு வாசலில் போய் நிற்கும்போது, தம் கண்ணை எவ்வளவு தூரம் நம்பலாம்?

இந்தக் கேள்வியை எனக்குள் கிளப்பியது ஜெயங்கொண்டம். அந்த ஊரை அறியாதவர்களுக்கும் கங்கைகொண்டசோழபுரம் தெரிந்திருக்கும். ராஜேந்திர சோழன் கட்டிய கோயிலைப் பார்க்க வருகிறவர்களில் பலர் ஜெயங்கொண்டத்தில் இறங்கித்தான் வேறு பஸ் பிடிக்கிறார்கள். சுற்றிலும் செம்மண்ணும் முந்திரிக் காடும். தமிழ்நாட்டின் மற்றப் பஸ் ஸ்டாண்டுகளைப் போலவே அங்கேயும் ஊசி பாசி விற்கும் நரிக்குறவர்களைப் பார்க்கலாம். தோளில் துணித் தூளி, தூளியில் கைக்குழந்தை, கை நிறைய மணிமாலை, கூடவே நடக்கத் தெரிந்த பிள்ளை ஒன்றோ இரண்டோ.

இவர்களைப் பூர்வகுடி என்று சொல்லலாமா என்று பண்டிதர்கள் விவாதிக்கலாம். இவர்கள் வீட்டில் பேசும் வாக்ரிபோலி வடநாட்டு மொழிகளின் இனத்தைச் சேர்ந்தது. அதற்கு எழுத்து கிடையாது. வேட்டைதான் பழைய தொழில். 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைக் குற்றமாக்கியபின் பாசிமணியே ஜீவனமாயிற்று. பழங்குடிப் பட்டியலில் சேர்க்க வேண்டுமென்று பல வருஷங்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதற்கான மசோதா 2022 டிசம்பரில்தான் பாராளுமன்றத்தில் நிறைவேறி, 2023 தொடக்கத்தில் சட்டமாயிற்று. பட்டியலில் எந்த வரிசையில் இருந்தாலும், சர்க்காரின் முன்னால் இவர்கள் நிற்கிற நிலை உலகத்துப் பூர்வகுடிகள் நின்ற நிலைதான்: இவர்களுடைய வாழ்க்கையை அளக்கிற கோலை வேறு யாரோ செய்து வைத்திருக்கிறார்கள்.

அந்தக் கோல் எப்படி இருக்கிறதென்று பாருங்கள். நம் நாட்டின் இளைஞர் நீதிச் சட்டம் 2015-ஆம் வருஷத்தியது. மோசமான சட்டம் என்று சொல்லமாட்டேன். நல்ல மனத்தோடு எழுதப்பட்ட சட்டம். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை யார் என்று அது ஒரு விளக்கம் தருகிறது. நீண்ட விளக்கம். அதில் முதலாவதாக வருவது, வீடோ நிலையான இருப்பிடமோ இல்லாமலும், வெளிப்படையான ஜீவனோபாயம் இல்லாமலும் காணப்படும் குழந்தை. ஊர் ஊராகத் திருவிழாவுக்குப் போய்க் கடை பரப்பி, கோயில் மதிலோரம் படுத்தெழுந்து வருகிற குடும்பத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதியதோ என்று தோன்றும். எழுதியவர்கள் அப்படி நினைத்திருக்கமாட்டார்கள். ஆனால் வாசகம் அப்படியும் பொருந்திவிடுகிறது. கையில் மணிமாலையுடன் பஸ் ஜன்னலை அண்ணாந்து பார்க்கிற ஆறு வயதுப் பெண், விற்கிறாளா, பிச்சை கேட்கிறாளா என்பது பார்க்கிற கண்ணைப் பொறுத்தது.

என் சிநேகிதர் ஒருவருடைய மகள் சமூகப் பணியில் பட்டம் வாங்கி, குழந்தைகள் பாதுகாப்பு சம்பந்தமான உத்தியோகத்தில் புதிதாகச் சேர்ந்திருந்தாள். கெட்டிக்காரி, இரக்கமுள்ளவள். ஒருநாள் ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்டில் இருவரும் காத்திருந்தபோது, அப்படி ஒரு சிறுமியைப் பார்த்துவிட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து மணி கோத்துக்கொண்டிருந்த கிழவியிடம் போனாள்.

“ஏன் பாட்டி, இந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகலையா?”

“போவுது சாமி. திருவிழான்னா எல்லாருமாக் கிளம்பிருவோம். அப்ப பிள்ளைய யாருகிட்ட விட்டுட்டுப் போறது?”

“ராத்திரியிலே எங்கே படுப்பீங்க?”

“எங்க படுத்தா என்ன சாமி? பிள்ளை நடுவுல படுக்கும். ஒருபக்கம் நான், ஒருபக்கம் அவ ஆத்தா.” கிழவி கையிலிருந்த கம்பியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். “உங்க வீட்டுல பிள்ளை எங்க சாமி படுக்கும்?”

அவள் பதில் சொல்லவில்லை. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து வெகு நேரம் கழித்து, “வீடு எப்படி, வருமானம் எவ்வளவு என்றெல்லாம் கேட்க எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், மாமா. பிள்ளை யாருக்கு நடுவிலே தூங்குகிறது என்று கேட்கச் சொல்லித் தரவில்லை” என்றாள்.

அவளைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல முடிந்ததே அவளுடைய படிப்புக்குப் பெருமை. உலகத்தின் பெரிய பெரிய சர்க்கார்களுக்கு அதைச் சொல்ல நூறு வருஷம் பிடித்திருக்கிறது.

ஆஸ்திரேலியாவில் பூர்வகுடிகளின் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து எடுத்துக்கொண்டு போன அதிகாரிகளின் உத்தியோகப் பெயர் என்ன தெரியுமா? பாதுகாவலர்! குவின்ஸ்லாந்தில் அந்தப் பதவிக்கு 1897-ஆம் வருஷம் சட்டம் போட்டார்கள். சுமார் 1910 முதல் 1970 வரை மூன்று குழந்தைகளில் ஒன்றிலிருந்து பத்தில் ஒன்று வரை பலவந்தமாகப் பிரிக்கப்பட்டிருக்கலாம் என்று 1997-இல் வெளியான தேசிய விசாரணை அறிக்கை கணக்கிட்டது. 2008 பிப்ரவரி 13-ஆம் தேதி பிரதம மந்திரி கெவின் ரட் பாராளுமன்றத்தில் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டார். அதற்குள் அந்தக் குழந்தைகளில் எத்தனையோ பேர் கிழவர்களாகியிருந்தார்கள். எத்தனையோ பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

வெள்ளைக்காரன் வேற்று நாட்டில் செய்த காரியம்தானே என்று நாம் ஆறுதல் கொள்ள வழியில்லை. அதே 1897-இல் இந்தியாவில் குற்றப் பரம்பரைச் சட்டத்துக்கு ஒரு திருத்தம் வந்தது. பட்டியலில் சேர்த்த ஜாதிகளின் பிள்ளைகளை, நாலு வயதிலிருந்து பதினெட்டு வயது வரை, பெற்றோரிடமிருந்து பிரித்துச் சீர்திருத்தக் குடியிருப்புகளில் வைக்கலாம் என்றது அது. 1911-ஆம் வருஷத்துச் சட்டம் சென்னை மாகாணத்தையும் அந்த வளையத்துக்குள் கொண்டுவந்தது. அந்தப் பிள்ளைகளைத் திருடர்களாகாமல் காப்பாற்றுகிறோம் என்றுதான் அன்றைக்கு நம்பினார்கள். நாலு வயதுக் குழந்தையை யாரிடமிருந்து காப்பாற்றினார்கள்? அதன் தாயிடமிருந்து.

இதெல்லாம் படிப்பறிவும் பயிற்சியும் இல்லாத காலத்துக் கொடுமை, இப்போது முறையாகப் படித்தவர்கள் வந்துவிட்டார்கள் என்று சிலர் சொல்வார்கள். நானும் அப்படி நினைக்க ஆசைப்படுகிறேன். கானடாவின் கதை அதற்கு இடம் கொடுக்கவில்லை. அங்கே முதலில் விடுதிப் பள்ளிகள் இருந்தன; ஒன்றரை லட்சம் பூர்வகுடிக் குழந்தைகள் அவற்றில் அடைக்கப்பட்டார்கள். பிறகு அந்தப் பள்ளிகள் தேயத் தொடங்கிய 1960-களில், சமூகப் பணியையே தொழிலாகக் கொண்டவர்கள் வந்தார்கள். கையில் குறிப்பேட்டுடன் வீடு வீடாகப் போனார்கள். நெருக்கமான சின்ன வீடு, தங்களுக்குப் பழக்கமில்லாத சாப்பாடு, பிள்ளையைப் பார்த்துக்கொள்வது தாயா பாட்டியா சிற்றன்னையா என்று தெளிவில்லாத குடும்பம். புறக்கணிப்பு என்று எழுதிக்கொண்டு பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போய், முன்பின் அறியாத வெள்ளைக் குடும்பங்களுக்குத் தத்துக் கொடுத்தார்கள். ஒரு தலைமுறையையே வாரிக்கொண்டு போன அந்தக் காரியத்தைப் பாட்ரிக் ஜான்ஸ்டன் என்பவர் 1983-இல் வெளியிட்ட ஆய்வில் எழுதி, அதற்கு ‘அறுபதுகளின் வாரல்’ என்று பொருள்படும் ஒரு பெயரும் வைத்தார். அந்தச் சொல்லை அவருக்கு எடுத்துக் கொடுத்ததே ஒரு சமூகப் பணியாளர்தான்.

அங்கே படிப்புக்குக் குறைவில்லை. அந்தப் படிப்பு ஒரு மாதிரி வீட்டை மனத்தில் வைத்துக்கொண்டு எழுதப்பட்டிருந்தது. அந்த வீட்டில் அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், ஆளுக்கொரு கட்டில். அதற்கு ஒத்துவராத வீடுகளெல்லாம் அதன் கண்ணுக்குப் பழுதான வீடுகள். படித்தவனின் பிழையைத் திருத்துவது கஷ்டம். அவன் பிழைக்கே ஒரு சான்றிதழ் இருக்கிறது.

பட்ட பிறகு அவர்கள் கற்றுக்கொண்டதையும் சொல்லிவிட வேண்டும். கானடாவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2015-இல் 94 கோரிக்கைகளை வெளியிட்டது. அவற்றில் முதல் கோரிக்கையே குழந்தை நலம்தான். விசாரணைக்குப் போகிற சமூகப் பணியாளர்களுக்கு விடுதிப் பள்ளிகளின் சரித்திரத்தைக் கற்பிக்க வேண்டும், அந்தச் சமூகங்களும் குடும்பங்களுமே தங்கள் புண்ணை ஆற்றிக்கொள்ளப் பொருத்தமான வழி காட்ட முடியும் என்பதையும் கற்பிக்க வேண்டும் என்று அது கேட்டது. அமெரிக்காவில் பூர்வகுடிக் குழந்தைகளில் நூற்றுக்கு 25 முதல் 35 பேர் வரை குடும்பத்திலிருந்து பிரிக்கப்பட்டிருந்தது தெரியவந்தபின், 1978-இல் தனிச் சட்டம் செய்தார்கள். குடும்பம் உடையாமலிருக்க மும்முரமாக முயன்றதை நிரூபித்த பிறகுதான் பிள்ளையை எடுக்கலாம். எடுத்தாலும் முதலில் உறவினரிடம், பிறகு அதே குலத்தாரிடம். 2023-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமும் அந்தச் சட்டத்தை நிலைநிறுத்தியது. நியூஸிலாந்தில் 1989-ஆம் வருஷத்துச் சட்டப்படி, பிள்ளையைப் பற்றிய முடிவுக்குக் குடும்பமும் சுற்றமும் கூடி உட்கார்ந்து பேச வேண்டும். அவர்கள் தனியே பேசுவதற்கு நேரம் கொடுத்து அதிகாரி எழுந்து வெளியே போக வேண்டும்.

அதிகாரி எழுந்து வெளியே போவது! அந்தக் கல்வியை எந்தப் பல்கலைக்கழகத்தில் சொல்லித் தருகிறார்கள்?

நம்மிடம் பயிற்சி இல்லாமலில்லை. சென்னையில் சமூகப் பணிக்கென்று பள்ளி தொடங்கியது 1952-இல். குற்றப் பரம்பரைச் சட்டம் நாடு முழுவதும் ரத்தானதும் அதே 1952-இல்தான், ஆகஸ்டு 31-ஆம் தேதி. அந்த இரண்டு தேதிகளையும் ஒரே வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை. இன்றைய சட்டப்படி மாவட்டத்துக்கு ஒரு குழந்தைகள் நலக் குழு. தலைவர் ஒருவர், உறுப்பினர் நால்வர். குழு அமைந்த இரண்டு மாதத்துக்குள் அவர்களுக்குப் பயிற்சி தர வேண்டும் என்றும் சட்டமே சொல்கிறது. ஒரு குழந்தை குழுவின் முன் வந்தால், பதினைந்து நாளுக்குள் அதன் குடும்பத்தைப் பற்றிய சமூக விசாரணையை முடிக்க வேண்டும். விடுதியில் வைப்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் கொள்கைகளில் ஒன்று. இவ்வளவும் எழுத்தில் இருக்கிறது. எழுத்துக்கும் கிழவியின் கேள்விக்கும் நடுவே இருக்கிற இடைவெளியைத்தான் பயிற்சி நிரப்ப வேண்டும்.

அந்தப் பயிற்சியின் முதல் பாடம், இல்லாமையும் புறக்கணிப்பும் ஒன்றல்ல என்பது. கால்சட்டை கிழிந்திருப்பதும் தலை எண்ணெய் காணாதிருப்பதும் கண்ணுக்குத் தெரிந்துவிடும். தகப்பன் தன் பங்குச் சோற்றைப் பிள்ளைக்குத் தள்ளிவிட்டுத் தண்ணீர் குடித்துப் படுத்தது கண்ணுக்குத் தெரியாது. முதலாவது நோய்க்கு மருந்து பணமும் பள்ளியும் ஜாதிச் சான்றிதழும். இரண்டாவது நோய்க்கு மட்டுமே பிரிப்பது மருந்து. ஜெயங்கொண்டத்துப் பிள்ளையை மாவட்டத் தலைநகரான அரியலூருக்குக் கொண்டுபோய் ஓர் இல்லத்தில் வைத்துவிட்டால், அவளைப் பார்க்கத் தாய் சுமார் 35 கிலோமீட்டர் போக வேண்டும். போகிற நாளில் வியாபாரம் இல்லை. வியாபாரம் இல்லாத நாளில் சாப்பாடு இல்லை. இரண்டு தடவை வந்தவள் மூன்றாவது தடவை வராவிட்டால், ‘தாய்க்கு அக்கறை இல்லை’ என்று பதிவேட்டில் ஏறிவிடும்.

இரண்டாவது பாடம் நம்முடைய வீட்டையும் அதே கோலால் அளந்து பார்ப்பது. மதிப்பெண்ணுக்காகப் பதினைந்து வயதுப் பையனை நாமக்கல் பக்கத்து விடுதிப் பள்ளியில் கொண்டுபோய் விடுகிறோம். விடியற்காலை எழுப்பி ராத்திரி வரை படிக்க வைப்பார்கள் என்று தெரிந்தே விடுகிறோம். மாதத்துக்கு ஒருநாள் போய்ப் பார்த்துவிட்டு, பிள்ளை இளைத்துவிட்டானே என்று பஸ்ஸில் கண்ணைத் துடைத்துக்கொள்கிறோம். அதற்குப் பெயர் பெற்றோரின் தியாகம். பிள்ளையைப் பிரிய மனமில்லாமல் திருவிழாவுக்குக் கூட்டிக்கொண்டு போகிறவளுக்கு நாம் வைத்திருக்கிற பெயர் பொறுப்பில்லாதவள். இரண்டில் எது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. இரண்டுக்கும் ஒரே மாதிரி விசாரணை உண்டா என்பதுதான் என் கேள்வி.

இங்கே நியாயமான ஒரு மறுப்பு எழும். ‘அவர்கள் வழக்கம்’ என்று சொல்லி எல்லாவற்றையும் விட்டுவிடலாமா? பதினாலு வயதுப் பெண்ணுக்குத் தாலி கட்டுவதும் வழக்கம்தானே? விடக்கூடாது. 2006-ஆம் வருஷத்துக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் அக்கிரகாரத்துக்கும் கூடாரத்துக்கும் ஒன்றுதான். வழக்கம் என்ற போர்வையைப் போர்த்திக்கொண்டு ஒரு குழந்தையின் மீது கொடுமை இறங்குமானால், போர்வையை விலக்கத்தான் வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்துப் போனபின், கடனுக்காக ஆட்டுக்கிடைக்குப் பிள்ளையை விட்ட செய்திகள் டெல்டா மாவட்டங்களிலிருந்து வந்தன. விட்டவர்கள் பெற்றவர்கள்தான். அந்தப் பிள்ளைகளை அங்கிருந்து மீட்க அதிகாரி போகாமல் வேறு யார் போவது?

ஆனால் அந்தக் கதையையும் கடைசி வரை பார்க்க வேண்டும். பிள்ளையைக் கிடையிலிருந்து மீட்டு இல்லத்தில் வைப்பது ஒரு நாள் வேலை. புயல் பிய்த்துப்போட்ட கூரையும் கடனும் அப்படியே இருக்கின்றன. அடுத்த பிள்ளை வளர்ந்துகொண்டிருக்கிறான். அதிகாரி கிடைக்காரனிடமிருந்து காப்பாற்றினார். கடன்காரனிடமிருந்தும் காப்பாற்றினால்தான் வேலை முடியும். வழக்கத்துக்குப் பயந்து ஒதுங்குகிறவரும், வழக்கத்தை வெறுத்துப் பாய்கிறவரும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள். இருவருமே அந்தக் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசுவதில்லை.

நரிக்குறவர்களிடையே பஞ்சாயத்துக் கூடிப் பேசுகிற வழக்கம் பலமானது. நியூஸிலாந்தில் சட்டம் போட்டுக் கொண்டுவந்த காரியத்தின் பாதி, மரத்தடியில் ஏற்கனவே இருக்கிறது. அந்தப் பஞ்சாயத்து ஒரு பெண்ணின் கல்யாணத்தை மூடி மறைக்கவும் கூடும்; அது எனக்குத் தெரியாததல்ல. அதனால்தான் அங்கே போய் உட்காரத் தெரிந்த, அவர்களிலேயே படித்து வந்த ஒரு பெண்ணோ பையனோ அந்த வேலைக்கு வேண்டும். பயிற்சி வகுப்பில் ஒரு மணி நேரமாவது அந்தப் பாட்டியை நாற்காலியில் உட்கார வைத்து, பட்டதாரிகளைக் கேட்க வைக்க வேண்டும். மணி கோக்கும்போதே ஒரு கண்ணைப் பிள்ளையின் மீது வைத்திருக்கிற வித்தையில் அவள் பேராசிரியை. வாக்ரிபோலியில் பத்து வார்த்தையாவது கற்றுக்கொண்டு போகிற அதிகாரியிடம் குழந்தை அழாமல் பேசும். திருவிழாக் காலத்தில் பிள்ளையின் படிப்பு கெடக்கூடாதென்றால், ஊர் ஊராகப் போகிறவர்களின் பிள்ளைகளுக்கென்று கல்வித் துறையின் திட்டத்திலேயே பருவகால விடுதி என்ற ஏற்பாடு உண்டு. தாய் கேட்டு, தாய் அனுப்பி, தாய் திரும்பி வந்ததும் தாயோடு போகிற விடுதி. பிடித்துக்கொண்டு போய் வைக்கிற இடத்துக்கும் அதற்கும் சுவரும் கூரையும் ஒன்றாகவே இருக்கலாம். குழந்தைக்கு இரண்டும் ஒன்றாகத் தோன்றாது.

இத்தனைக்குப் பிறகும் சில வீடுகளிலிருந்து பிள்ளையை எடுக்கத்தான் வேண்டியிருக்கும். அப்போது எடுக்கிறவருடைய மனம் எப்படி இருக்க வேண்டும் என்பதுதான் கடைசிக் கேள்வி. ஒரு நல்ல வைத்தியர் காலை வெட்டுவதற்கு முன் அதைக் காப்பாற்ற இருக்கிற வழிகளையெல்லாம் பார்த்துவிடுவார். வெட்டிய பிறகு வெற்றி என்று சொல்லிக்கொள்ளமாட்டார். குழந்தையைப் பிரிக்கிறவர், “இங்கேயே இவளை வைத்துக்கொள்ள என்ன செலவாகும், யார் உதவி வேண்டும்?” என்று முதலில் கேட்டாரா? கேட்டுப் பதில் கிடைக்காமல்தான் இந்த முடிவுக்கு வந்தாரா? அந்தக் கேள்வியை அவருக்குப் பழக்கமாக்குவதற்குத்தான் பயிற்சி என்று பெயர். மற்றதெல்லாம் சட்டப் புத்தகத்திலேயே இருக்கிறது, வாசித்துக்கொள்ளலாம்.

குழந்தை நாட்டின் செல்வம் என்று மேடையில் சொல்கிறோம். கைதட்டுகிறோம். நாட்டுக்குச் செல்வமாவதற்கு முன்னால் அது ஒரு தாயின் பக்கத்தில் படுத்திருந்த பிள்ளை. அந்த இடத்திலிருந்து அதைத் தூக்குகிற கை, எவ்வளவு நல்ல கையாக இருந்தாலும், கொஞ்சம் நடுங்கட்டும்.